விமானப் பயிற்சிப் பள்ளிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில்தான் இந்தப் போன்கள் வரத் தொடங்கும். "பைலட் ஆகணுமா? பதினோரே மாசம், வேலைக்கு நாங்க பொறுப்பு" என்பார்கள். அப்படி ஒரு பேச்சை நம்பி என் குடும்பம் 48 லட்ச ரூபாய் கட்டியது. அதில் பெரும்பகுதி இன்னும் கைக்கு வரவில்லை. வழக்கு நடப்பதால் பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோவையில் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு வைத்திருந்தார்கள். தோளில் நான்கு பட்டை போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் பேசினார். பிறகு பள்ளிக்கு ஆள் சேர்த்துவிடும் கன்சல்டன்ட் எங்களைத் தனியாக உட்கார வைத்தார். அப்பா சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிறவர். கேட்க வேண்டிய கேள்வியை அவர் அன்றைக்கே கேட்டுவிட்டார்: "ஏனுங்க, பாதி இப்பக் கட்டிப்போட்டு, மீதியப் பறக்கப் பறக்கக் கட்டுனா ஆகாதுங்களா?"

"ஐயா, அப்படின்னா சீட்டு நிக்காதுங்க. மொத்தமாக் கட்டுனா நாலு லட்சம் தள்ளுபடி. அடுத்த வருசம் இந்நேரம் பாப்பா ஏர்பஸ்ல உக்காந்திருக்கும், பாருங்க."

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினோம். போதாததற்கு அம்மாவின் நகைகள் போயின.

வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் வாங்க, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணிநேரப் பறப்பு. அதில் 100 மணிநேரம் நீங்களே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பறப்பு, 300 கடல் மைலுக்குக் குறையாத நெடும்பயணம் எல்லாம் இதற்குள் அடக்கம். இந்த 200 மணிநேரத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். ஹாஸ்டலும் சீருடையும் ஏசி வகுப்பறையும் எங்கேயும் கிடைக்கும். ஆகவே பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது என்பதுதான்.

விளம்பரப் படத்தில் வரிசையாக செஸ்னா என்ற சிறிய பயிற்சி விமானங்கள் நின்றன. வட மாநிலத்தில் இருந்த அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் ஒன்றுக்கு எஞ்சின் இல்லை, இன்னொன்று உதிரிபாகத்துக்காகக் காத்துக் கிடந்தது. பறந்தவை மூன்று. மாணவர்கள் எண்பது பேர் அளவில் இருந்தோம். நீங்களே கணக்குப் போடுங்கள். எண்பது பேருக்கு ஆளுக்கு 200 என்றால் 16,000 மணிநேரம். நல்ல வானிலையில் மூன்று விமானங்களும் நாளுக்கு ஐந்தைந்து மணிநேரம் பறந்தால் பதினைந்து. ஒருநாள்கூட விடாமல் பறந்தாலும் ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். இதில் மழைக்காலத்தைக் கழிக்க வேண்டும். வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இறங்கினால் வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் பறப்புக்குத் தேவையான 5 கிலோமீட்டர் தெளிவு பல நாள் நண்பகல் வரை கிடைக்காது. 50 மணிநேரத்துக்கு ஒருமுறையும் 100 மணிநேரத்துக்கு ஒருமுறையும் விமானம் சோதனைக்கு நின்றாக வேண்டும். பயிற்றுநர்களில் இரண்டு பேர் ஏர்லைன்ஸ் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள், அந்த இடங்களுக்கு ஆள் போடவே இல்லை. இவ்வளவும் பள்ளி நிர்வாகத்துக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டேதான் பதினோரு மாதம் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். இதைத் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மோசடி என்றே சொல்வேன்.

காலையில் நாலரைக்கு எழுந்து, சீருடை போட்டு, பறப்புப் பட்டியலைப் பார்த்தால் பெயர் இருக்காது. இருந்த நாளில் விமானம் பழுது என்பார்கள். மாதம் முழுக்க ஐந்து மணிநேரம் பறந்தால் அது நல்ல மாதம். இதற்கிடையில் வணிக விமானிக்குக் கட்டாயமான கிளாஸ் 1 மருத்துவச் சான்று எங்கள் வயதுக்காரர்களுக்கு 12 மாதம்தான் செல்லும். பயிற்சி இழுக்க இழுக்க அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும், செலவு நம்முடையது. வங்கி வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பேக்கேஜில் எல்லாம் அடக்கம் என்றவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள். எரிபொருள் விலை ஏறிவிட்டது என்று ஒரு தொகை, பறப்புத் தேர்வு நடத்துபவர் வருகைக்கு ஒரு தொகை, தரையிறங்கும் கட்டணம் தனி. ஓடுதளத்தில் விளக்கு இல்லை, இரவுப் பறப்புக்கு வேறு ஊர் போக வேண்டும், அதற்கும் தனி. இரட்டை எஞ்சின் விமானம் அங்கே கிடையவே கிடையாது. ஏர்லைன்ஸ் வேலைக்குப் போகிறவருக்கு அந்தத் தகுதிப் பதிவு வேண்டும் என்பதையே சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள்.

என் கூடப் படித்த தம்பி ஒருவனுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. முழுப் பணமும் கட்டிய பிறகுதான் அவனைக் கிளாஸ் 1 மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். நிறப் பார்வைக் குறைபாடு என்று தகுதியில்லாமல் போனான். புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா சோதனையை எந்தக் கண் மருத்துவரும் சில நிமிடத்தில் செய்துவிடுவார். அதைச் செய்துகொண்டு வா என்று அந்த கன்சல்டன்ட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு விவசாயக் குடும்பம் தப்பித்திருக்கும். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது.

பிறகு அந்தப் பேச்சு வந்தது. அலுவலகத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "ஏன் காத்திருக்கிறாய், மணிநேரத்தை எழுதிக்கொள்ளலாம், கொஞ்சம் செலவாகும்" என்றார். பறந்த மணிநேரங்களைக் குறித்து வைக்கும் லாக்புக்கில் பறக்காமலே எழுதுவதைப் பார்க்கர் பேனா மணிநேரம் என்று இந்தத் துறையில் சொல்வார்கள். தயவுசெய்து இதற்கு உடன்படாதீர்கள். 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டபோது, பறக்காத மணிநேரங்களுக்குச் சான்று கொடுத்த விவகாரமும் ராஜஸ்தானில் வெளிவந்தது. கைது வரை போனது. உங்கள் லாக்புக்கை விமானத்தின் டெக்லாக் என்ற பறப்பு, பழுதுப் பதிவேட்டோடும் எரிபொருள் கணக்கோடும் கட்டுப்பாட்டுக் கோபுரப் பதிவோடும் ஒப்பிட்டால் பொய் வெளிப்பட்டுவிடும். சட்டத்தை விடுங்கள். பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருக்க, பறக்காத மணிநேரத்தை வைத்துக்கொண்டு முன்னால் எப்படி உட்காருவது?

சேர நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் மெடிக்கல். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் கட்டமான கிளாஸ் 2, அது கிடைத்ததும் கிளாஸ் 1. கிளாஸ் 1 சோதனை பெங்களூருவிலும் டெல்லியிலும் உள்ள விமானப்படை மையங்களிலும் அனுமதி பெற்ற சில மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அது கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அடுத்தது எழுத்துத் தேர்வுகள்: வான்வழிச் செலுத்துகை, வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். தேர்வு எழுத டிஜிசிஏ தரும் பதிவு எண்ணான கணினி எண்ணை வாங்கிவிட்டால் பறப்புப் பயிற்சியில் சேருமுன்பே இவற்றை எழுதி முடிக்கலாம். படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்பது லட்சங்களைக் கொட்டுமுன் தெரிந்துவிடும்.

பள்ளி டிஜிசிஏ இணையதளத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் மட்டும் போதாது, எங்கள் பள்ளிக்கும் அது இருந்தது. 2025 அக்டோபரிலிருந்து பள்ளிகளுக்குத் தரவரிசையும் தருகிறார்கள். முதல் பட்டியலில் மேல் இரண்டு பிரிவுகளில் ஒரு பள்ளிகூட வரவில்லை என்பதே நிலைமையைச் சொல்லும். நேரில் போங்கள். சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கேன்டீனில் உட்கார்ந்து, சேர்ந்து ஒரு வருடமான மாணவரிடம் இதுவரை எத்தனை மணிநேரம் என்று கேளுங்கள். அந்த ஒரு பதில் போதும். பணத்தைப் பத்து, இருபது மணிநேரத் தவணையாக, பறந்ததற்கு மட்டும் கட்டுகிறேன் என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை உறுதி என்று எந்தப் பள்ளியாலும் சொல்ல முடியாது. சிபிஎல் வந்த பிறகும் ஏர்லைன்ஸின் எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை, ஏ320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங் என்று லட்சக்கணக்கில் செலவு காத்திருக்கும். கேப்டன் ஆக ஏடிபிஎல் என்ற மேல்நிலை உரிமம் வேண்டும், அதற்கு 1,500 மணிநேரம். என்னிடம் பேசிய கன்சல்டன்ட் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

இப்போது உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவர்கள், வெளியேறுகிறேன் என்று வாயைத் திறக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் தலைமைப் பயிற்றுநர் கையெழுத்தோடு படம் எடுத்து வையுங்கள். ரசீதுகள், பறப்புப் பட்டியல்கள், வாட்ஸ்அப் வாக்குறுதிகள் எல்லாம் சேர்த்து வையுங்கள். நான் கேட்டபோது லாக்புக்கையும் பிளஸ் டூ சான்றிதழையும் அலுவலகத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். டிஜிசிஏவுக்கு எழுத்தில் புகார் போன பிறகுதான் அவை கைக்கு வந்தன. நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்துவிட்டு, வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். பறந்த மணிநேரங்கள் சான்றோடு இருந்ததால் வேறொரு பள்ளி அவற்றை ஏற்றுக்கொண்டது. அங்கே ஒவ்வொரு வாரமும் பறந்ததற்கு மட்டும் அப்பா பணம் அனுப்புகிறார்.