வாசல் மேசையா, பக்கத்து நாற்காலியா: நூலக ஆய்வு உதவியில் மாணவர்கள்

ஆய்வு உதவிக்கு மாணவர்களை அமர்த்தும் பல்கலைக்கழக நூலகங்களில் இரண்டு அமைப்புகளைப் பார்க்கலாம். ஒன்று, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் செய்தது. நூலகர் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ரெஃபரன்ஸ் மேசையை எடுத்துவிட்டு, தகவல் மேசையில் முதுநிலை மாணவர்களை உட்கார வைத்தார்கள். நூலகர்கள் தனி ஆலோசனை அறைக்கு மாறினார்கள். மற்றொன்று மிச்சிகனின் கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருப்பது. 2013-ல் திறந்த அதன் மேரி ஐடிமா பியூ நூலகத்தில் ‘நாலெட்ஜ் மார்க்கெட்’ என்றொரு பகுதி உண்டு. தேடல், எழுத்து, மேடைப்பேச்சு மூன்றுக்கும் அங்கே பயிற்சி பெற்ற மாணவர்களே சக மாணவரோடு உட்கார்ந்து ஆலோசனை தருகிறார்கள்.

முதல் அமைப்பில் மாணவர் கேள்விகளைத் தரம் பிரித்து அனுப்புகிறார். இரண்டாவதில், அதாவது பக்கத்து நாற்காலி முறையில், கூடவே இருந்து தேடுகிறார்.

செலவிலும் பயிற்சியிலும் மேசை முறைதான் எளிது. கேள்வியின் கடினத்தை 1 முதல் 6 வரை அளக்கும் ‘ரீட்’ அளவுகோலில் 1, 2-ஐ மேசை மாணவர் முடிக்கலாம்: அலமாரி எங்கே, பிரிண்டர் ஏன் ஓடவில்லை, இந்த நூல் இருக்கிறதா. 3-ம் அதற்கு மேலும் என்றால் நூலகரிடம் அனுப்ப வேண்டும். சிக்கல் இங்கேதான். கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் உண்மையான கேள்வி அல்ல. “காலநிலை மாற்றம் புத்தகம் எங்கே இருக்கு?” என்று வருபவருக்குத் தேவைப்படுவது, காவிரி டெல்டாவில் உவர்நீரால் நெல் விளைச்சல் குறைவது பற்றிய நான்கைந்து கட்டுரைகளாக இருக்கலாம். மேசை மாணவர் அலமாரி எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார். பதிவேட்டில் அது 1 என்று விழும். கேட்டவர் வெறுங்கையோடு போவார். “எந்தப் பாடத்துக்கு? அசைன்மென்ட் தாளைக் காட்டுறீங்களா?” என்ற இரண்டு கேள்விகளைப் பழக்கினால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும்.

நம் கல்லூரிகளில் இன்னொன்றும் சேரும். ஜூனியர்கள் சீனியரை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த நெருக்கம்தான் கூச்சத்தை உடைக்கிறது. அதனாலேயே அண்ணன் சொன்ன தவறான பதிலை யாரும் திருப்பிக் கேட்பதும் இல்லை. “எனக்கு உறுதியாத் தெரியலப்பா, நூலகர்கிட்ட கேட்டுடுவோம்” என்று சொல்வதைப் பயிற்சியில் வாய்விட்டே சொல்லிப் பழக வைக்க வேண்டும்.

உட்கார்ந்து தேடும் முறைக்கு அரை மணி நேரம் ஒதுக்குவது நல்லது. முதல் ஐந்து நிமிடம் அசைன்மென்ட் தாளைப் படிக்கவும், தலைப்பை இரண்டு மூன்று கருத்துகளாக உடைக்கவும். பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் மாற்றுச் சொற்களை எழுத வேண்டும். அதன் பிறகே கட்டுரைகளைத் தேடும் டேட்டாபேஸைத் திறக்க வேண்டும். விசைப்பலகை வந்தவர் கையில்தான் இருக்க வேண்டும். வழிகாட்டும் மாணவர் தட்டச்சு செய்தால் கட்டுரை கிடைக்கும், வந்தவருக்குத் தேடத் தெரியாது.

வழிகாட்டிக்கு இங்கே ஆழமான பயிற்சி தேவை. ‘நெல் அல்லது அரிசி மற்றும் உவர்ப்பு’ என்று ஆங்கிலத்தில் OR, AND போட்டு அடைப்புக்குறி இல்லாமல் கொடுத்தால், ஸ்கோபஸ் என்ற டேட்டாபேஸ் ‘அல்லது’-வை முதலில் எடுத்துக்கொள்ளும். முடிவு சரியாக வரும். வெப் ஆஃப் சயின்ஸ் என்ற டேட்டாபேஸ் ‘மற்றும்’-ஐ முதலில் செயல்படுத்தும். நெல் பற்றிய எல்லாக் கட்டுரைகளும் உவர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்து குவியும். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் இடமிருந்து வலமாகப் போகும். மாற்றுச் சொற்களை அடைப்புக்குறிக்குள் போட்டால் மூன்றிலும் ஒரே பொருள்தான். இதை விளக்கத் தெரியாத மாணவரைத் தனியாக ஆலோசனைக்கு உட்கார வைக்கக் கூடாது.

எல்லைக்கோடும் இந்த முறைக்குத்தான் அதிகம் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிப்படி ஆய்வேடு பிறர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் நடவடிக்கை உண்டு. அதனால் “கொஞ்சம் மாத்தி எழுதித் தாங்கண்ணா” என்ற வேண்டுகோள் கட்டாயம் வரும். மேற்கோள் காட்டும் முறையைச் சொல்லித்தரலாம். வாக்கியத்தை மாற்றித் தரக்கூடாது. சக மாணவரின் தலைப்பையும் வரைவையும் வெளியே பேசக்கூடாது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரு முறைக்கும் பொதுவான பலவீனம் பருவ இறுதி. கூட்டம் அதிகமாகும் அதே வாரத்தில் வழிகாட்டிகளுக்கும் தேர்வு. அந்த வாரங்களில் மாணவர் நேரத்தைப் பாதியாக்கி, நூலகர் நேரத்தைக் கூட்டி அட்டவணை போட வேண்டும். இறுதியாண்டு மாணவரை எடுத்தால் பழகியதும் போய்விடுவார். இரண்டாம் ஆண்டிலேயே எடுப்பது நல்லது.

நூலகர் ஒருவரே இருக்கும் கல்லூரிக்கு எங்கள் தேர்வு மேசை முறை. இரண்டு மூன்று நூலகர்கள் இருந்து, வாரம் ஒரு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்க முடிந்தால் பக்கத்து நாற்காலி முறைக்குப் போகலாம். முதலாண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அதுவே மேல். முனைவர் பட்ட ஆய்வாளர்களை இரண்டிலும் சேர்க்காமல் நேரே நூலகரிடம் அனுப்புங்கள். யாரை நூலகரிடம் அனுப்பினாலும் ஒரு சீட்டு கட்டாயம்: கேள்வி என்ன, எந்தெந்த டேட்டாபேஸில் எந்தச் சொற்களைப் போட்டாயிற்று, எங்கே முட்டி நின்றது. சீட்டு இல்லாமல் அனுப்பினால் கேட்டு வந்தவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். பலர் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.