மூவினமா, கூறு அட்டவணையா? தமிழ்ப் பேச்சொலியாக்கத்துக்கான இரு வகைப்பாடுகள்

எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருளுக்குத் தமிழ் ஒலிகளை வகைப்படுத்தித் தர முனைபவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தொல்காப்பியம் தொட்டு வரும் வல்லினம், மெல்லினம், இடையினம், குறில், நெடில் என்னும் பாகுபாடு. மற்றொன்று, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ஃபெஸ்டிவல் போன்ற மென்பொருள்கள் கேட்கும் கூறு அட்டவணை. அதில் ஒவ்வோர் ஒலிக்கும் உயிரா மெய்யா, நாக்கு எவ்வளவு உயர்கிறது, இதழ் குவிகிறதா, ஒலிப்பு முறை எது, இடம் எது, குரல்வளை அதிர்கிறதா என்று கட்டம் கட்டமாக விடை நிரப்ப வேண்டும்.

வண்ணாரப்பேட்டைப் பழக்கடையில் நாள்தோறும் என் காதில் விழும் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். கடைக்கார அம்மா பழத்தைப் ‘பயம்’ என்பார். அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே எழுத்துகள்தாம். ஆயினும் வடசென்னையில் எவரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை, ஏனெனில் பழத்தின் முதலொலியில் குரல்வளை அதிர்வதில்லை, அச்சத்தின் முதலொலியில் அதிர்கிறது. மூவினப் பாகுபாட்டில் இரண்டும் ஒரே வல்லினப் பகரம். அட்டவணையில் இரண்டுக்கும் ஒரு கட்டம் வேறுபடும். பேசின் பிரிட்ஜின் ‘பேசின்’ வேறு, ‘அவர் பேசின் கேட்போம்’ என்பதன் ‘பேசின்’ வேறு என்று பொறிக்கு உணர்த்துவதும் அந்தக் கட்டமே.

அதனால் மரபிலக்கணம் போதாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கடல், பக்கம், தங்கம், பகல் ஆகிய சொற்களில் ககரம் எங்கே அதிரும், எங்கே அதிராது என்பது இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: மொழிமுதலிலும் இரட்டிக்கும்போதும் அதிராது, மெல்லினத்தை அடுத்து அதிரும், உயிர்களுக்கு இடையே நெகிழும். ஆறு வல்லின எழுத்துகளும் சில விதிகளும் இருந்தால் தமிழ்ச் சொற்களுக்குப் பெரும்பாலும் போதும்; கடன்சொற்களுக்கே தனி அகராதி தேவைப்படும். இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டை அட்டவணை தானாகத் தருவதில்லை.

மேலும், ஃபெஸ்டிவலின் ஆங்கில அட்டவணையை அப்படியே எடுத்தாள்வது பெரும்பிழை. அதன் இடப் பட்டியலில் இதழ், பல், அண்ணம் முதலியவை உண்டு. நாவை மடித்து ஒலிப்பதற்கு மதிப்பே இல்லை. ட, ண, ள, ழ நான்கும் அங்கே இடமின்றித் தவிக்கும். மணமும் மனமும், பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுவதைத் தொல்காப்பியப் பிறப்பியல் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அது ரகரத்தையும் ழகரத்தையும் சேர்த்தே சொல்வதால் அவ்விரண்டையும் பிரிக்க ஒலிப்பு முறைக் கட்டம் வேண்டும்.

உயிர்களில் சிக்கல் குறைவு. குற்றியலுகரம் மட்டும் கவனத்துக்குரியது: ‘காசு’ என்பதன் இறுதி உகரத்தில் இதழ் குவிவதில்லை என்பதை அட்டவணை காட்டும், அதன் அளவு அரை மாத்திரை என்பதையும், ‘பசு’வின் உகரம் அப்படிக் குறையாது என்பதையும் இலக்கணம் காட்டும்.

ஆகவே ஒலிக்குப் பெயரிட, நாமடி மதிப்பைச் சேர்த்த அட்டவணையையும், எழுத்திலிருந்து ஒலியைப் பெற இலக்கண விதிகளையும் தேர்கிறேன். கடைக்கார அம்மாவின் ‘பயம்’ இந்த அமைப்பில் பிழையாகாது: ழகரத்தின் இடக் கட்டத்தில் நாமடி என்பதை நீக்கி அண்ணம் என்று இட்டால் யகரம் வந்துவிடும், பகரம் அதிராமலே நிற்கும்.