ஏழு ஆண்டு நின்ற வேலியும் இடுப்பு ஒடிந்த கம்பங்களும்

தோட்டத்துக்கு மரவேலி போடப்போகிறேன், எந்தக் கம்பம் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் என் வேலியின் ஐந்தாவது கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனவே இதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

மொத்தம் 22 கம்பங்கள். எல்லாமே மக்காமலிருக்க அழுத்தம் கொடுத்து மருந்தேற்றிய, பச்சை தட்டிய பைன் மரம். 12 சதுரம், 10 உருளை. உருளையை ஆசைப்பட்டு வாங்கவில்லை. சதுரம் தீர்ந்துவிட்டது என்றார்கள், வாங்கினேன். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அங்கே கொண்டுபோய் நட்டேன். இந்த ஏழு ஆண்டுகளில் போன ஐந்தும் முன்பக்கச் சதுரங்கள். பின்னால் ஒளித்துவைத்தவற்றில் ஒன்றுகூட அசையவில்லை.

பிடுங்கிய கம்பத்தைக் கிடத்திப் பார்த்தேன். மேல்பகுதி கல்லாக இருந்தது. இரண்டடி ஆழத்தில் கிடந்த அடிமுனையும் ரம்பத்துக்குச் சுலபமாக மசியவில்லை. தரைமட்டத்தை ஒட்டி ஒரு சாண் அளவுதான் போயிருந்தது. அங்கே திருப்புளியை வைத்து அழுத்தினால் பிடிவரை இறங்கியது; இழுத்தால் நுனியில் ஈரப் பழுப்புத் தூளும் காளான் வாசனையும். மருந்து ஏறிய வெளித்தோல் மட்டும் பச்சையாக, மெல்லிய டப்பாவைப்போல் நின்றுகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறையே சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு. மேலே வெயில் ஈரத்தை உலர்த்திவிடும். இரண்டும் தாராளமாகக் கிடைப்பது தரைமட்டத்தில்தான். இதை எல்லோரும் சொல்வார்கள். சதுரம் ஏன் முதலில் போனது என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வைரம் பாய்ந்த மரம் என்றாலே உறுதி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தேக்குக்கு அது சரி; அதிலும் வெளிப்புற வெள்ளைப் பகுதி மற்ற மரங்களைப்போலவே சீக்கிரம் மக்கும். மருந்தேற்றிய பைனில் கதை தலைகீழ். மருந்தை நன்றாகக் குடிப்பது வெள்ளைப் பகுதி. நடுவிலுள்ள வைரம் எளிதில் குடிக்காது. பைனின் வைரத்துக்குத் தேக்கின் வைரத்துக்குள்ள உறுதியும் கிடையாது. உருளைக் கம்பத்தில் வெள்ளை சுற்றிலும் வளையமாக நின்று, மருந்தோடு காவல் காக்கிறது. சதுரமாக அறுக்கும்போது அந்த வளையத்தையே பல இடங்களில் சீவி எறிந்துவிடுகிறார்கள். வைரம் முகத்துக்கு வந்த இடத்தில் மருந்து வெறும் மேல்பூச்சுதான். அங்கே ஒரு வெடிப்பு விட்டால் போதும், தண்ணீர் நேராக உள்ளே போய்விடும். நேர்த்தியாகத் தெரியட்டும் என்று எதை வாசலுக்கு வைத்தேனோ அதுதான் நோஞ்சான்.

நியாயமாகவும் பேச வேண்டும். சதுரங்களில் பத்துக்கு கான்கிரீட் போட்டவன் நான். கான்கிரீட்டின் மேல்பகுதியைச் சரிவாக இழைக்காமல் தட்டையாக விட்டேன். மரம் சுருங்கியதும் சுற்றிலும் ஒரு சந்து விழுந்து, மழைத்தண்ணீர் கிண்ணத்தில் நிற்பதுபோல் நின்றது. உயரம் சரிசெய்ய இரண்டு கம்பங்களின் அடியை வெட்டி, வெட்டுவாயில் மருந்துகூடத் தடவாமல் அதையே மண்ணுக்குள் விட்டேன். வெட்டிய முனை எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். உருளைகளின் முறை வந்தபோது சிமென்ட் தீர்ந்திருந்ததால், குழியின் அடியில் சரளை போட்டு மண்ணையே இறுக்கி இடித்தேன். ஆக, காப்பாற்றியது உருளையா, தீர்ந்துபோன சிமென்டா? சிமென்ட் இல்லாமல் நட்ட இரண்டு சதுரங்களில் ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்றில் திருப்புளி அரை அங்குலம் இறங்குகிறது. இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆணியைப் பற்றி ஒரு வரி: மருந்திலுள்ள செம்பு சாதாரண இரும்பாணியைத் தின்றுவிடும். நன்கு துத்தநாகம் தோய்த்ததோ, துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள்.

உருளையின் மேல் எனக்கு அன்பு பிறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். குறுக்குச் சட்டம் அதன்மேல் படியாது. படியவைக்க உளியால் செதுக்கினால், காவல் காக்கும் வெள்ளையைத்தான் செதுக்குகிறோம். ஒவ்வொரு செதுக்கலிலும் தூரிகையோடு உட்கார்ந்து மருந்து தடவினேன். இரண்டு கம்பங்களில் விரல் நுழையும் அளவுக்கு நீள வெடிப்புகள். பார்த்தால் பயமாக இருக்கும், தட்டினால் கணீரென்கிறது. பலகைகளோ ஒன்று முன்னே, ஒன்று பின்னே. ஏழு ஆண்டுகளாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நண்பருக்கு உருளையே வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொன்னேன். நேற்று நான் வாங்கி வந்தது சதுரம். பிடுங்கியது வாசல் கதவுக் கம்பம். கதவின் கீல் உருளையில் உட்காராது. அடுக்கில் மற்றவை எல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்தன. நேராக இருந்தது ஒன்றுதான், அதன் ஒரு முகத்தில் வைரத்தின் செம்பழுப்புப் பட்டை மேலிருந்து கீழ்வரை ஓடியது. தெரிந்தேதான் வண்டியில் ஏற்றினேன்.