ஆர்சனல் பெண்கள் அணியின் சீசன் ரிக்கற், 2024–25: காசுக்குப் பெறுமதியா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெறுமதிதான். ஆனால் இங்கிலாந்துப் பெண்கள் உதைபந்தாட்ட லீக்கின் கிண்ணத்தை ஆர்சனல் தூக்குவதைப் பார்க்கலாம் என்ற நினைப்போடு மட்டும் வாங்காதேங்கோ. 2025 வரை அது போட்டிக் கழகமான செல்சிக்காரருக்கு எழுதிவைத்த சாமான் மாதிரித்தான் இருந்தது. இந்தமுறை 22 ஆட்டத்தில் 19 வெற்றி, 3 சமநிலை, ஒரு தோல்வியும் இல்லை, 60 புள்ளி. தொடர்ந்து ஆறாவது வருடம். அதுவும் புதிதாக வந்த பயிற்சியாளர் சோனியா பொம்பாஸ்ரரின் முதல் வருடத்திலேயே. எங்கட ஆக்கள் 48 புள்ளியோடு இரண்டாமிடம். பன்னிரண்டு புள்ளி இடைவெளி! கடைசி மாதத்தில் புள்ளிப்பட்டியலைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

நான் வாங்கியது இரண்டு இருக்கை, எனக்கொன்று, அக்காவின் மகளுக்கொன்று. எமிரேற்ஸ் மைதான ஆட்டங்களுக்கான ரிக்கற் அது. சொந்த மண்ணில் நடந்த 11 லீக் ஆட்டங்களில் 8 எமிரேற்ஸில், மிச்சம் போரம்வூட் என்ற ஊரிலுள்ள சின்ன மைதானத்தில். ஆண்கள் அணியின் பெரிய ஆட்டம் ஒன்றுக்கு நல்ல இருக்கை எடுக்கக் கேட்கிற காசை யோசித்தால், ஒரு முழுப் பருவத்துக்கு இது மலிவென்றுதான் சொல்லவேணும். லண்டனில் ஹரோப் பக்கம் இருக்கிற எங்கட சனத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. றேனர்ஸ் லேனிலோ சவுத் ஹரோவிலோ பிக்கடிலி லைனில் ஏறினால் மாறாமல் ஆர்சனல் ஸ்ரேசனில் இறங்கலாம். வழியிலேயே றோல்ஸைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கோ. ஏ4 தாளை விடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள், அதனால் சாப்பாட்டுப் பையோடு போகிற யோசனையை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும், ஏனென்றால் வாங்கலாமா வேண்டாமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். சனிக்கிழமை பின்னேரம் 2.45 இலிருந்து 5.15 வரை நேரடி உதைபந்தாட்டம் எதையும் தொலைக்காட்சியில் காட்டக்கூடாதென்று இங்கிலாந்தில் பழைய விதியொன்று இருக்கிறது. ஆண்களின் சின்னக் கழகங்களுக்கு வாசலில் சேரும் கூட்டம் குறையக்கூடாதென்பதற்காக வந்த விதி. அதைச் சுற்றித்தான் பெண்கள் லீக் தனக்கு இடம் பிடிக்கவேண்டியிருக்கிறது. இந்தப் பருவத்தில் வெள்ளி இரவு, ஞாயிறு மத்தியானம், ஞாயிறு மாலை என்று ஆட்டம் ஆட்டமாக மாறியது. ஸ்கையும் பிபிசியும் எடுக்காத ஆட்டங்களை இந்த வருடம் யூரியூப்பில் இலவசமாகக் காட்டினார்கள். வெளியூர் ஆட்டங்கள் சிலவற்றை நான் பார்த்தது அப்படித்தான். 2025–26 பருவத்தில் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் தொடங்கியதால் பெரும்பாலான ஆட்டங்கள் ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மாறின. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறிதான் இரவுக்குத் தள்ளிப்போகும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பருவம் தொடங்கியதே மனவருத்தத்தோடு. இந்த லீக்கில் அதுவரை எவரையும் விடக் கூடுதலான கோல் அடித்த விவியான் மீடமா, ஏழு வருடம் ஆர்சனலில் ஆடிவிட்டு மன்செஸ்ரர் சிற்றிக்குப் போய், முதல் ஆட்டத்திலேயே அந்த உடுப்போடு எமிரேற்ஸுக்கு வந்து எங்களுக்கு எதிராகவே கோல் போட்டா. 2–2. பிறகு எவர்ரனோடு கோல் இல்லாத சமநிலை. அதன்பின் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், ஜேர்மனியில் பயர்ன் மூனிக் 5–2 என்று அடித்து அனுப்பியது, அந்தக் கிழமையே செல்சி எமிரேற்ஸுக்கு வந்து 2–1 என்று வென்றது. ஒக்ரோபர் 15 அன்று பயிற்சியாளர் ஜோனாஸ் ஐடவால் விலகினார். துணைப் பயிற்சியாளராக இருந்த ரெனே ஸ்லெகர்ஸிடம் இடைக்காலப் பொறுப்பைக் கொடுத்தார்கள், ஜனவரியில் அதை நிரந்தரமாக்கினார்கள்.

அதற்குப் பிறகு பார்த்தது வேறு அணி. ஆட்களில் பெரிய மாற்றமில்லை. ஐடவாலின் கடைசிக் கிழமைகளில் பந்து பின்வரிசையில் அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருக்கும், முன்னுக்கு அனுப்பப் பயப்படுவார்கள். ஸ்லெகர்ஸ் வந்ததும் மரியோனா கல்தென்தேயிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஓடத் தொடங்கினார்கள். பார்சலோனாவிலிருந்து அந்தக் கோடையில்தான் வந்தவ. ஓட்டத்தில் வேகமில்லை, உடம்பும் சின்னன், ஆனால் பந்து காலுக்கு வருமுன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்து முடித்திருப்பா. அதைத் தொலைக்காட்சியில் காணமுடியாது, கமெரா பந்தின் பின்னால் போய்விடும். லீக்கின் அந்த வருடத்துச் சிறந்த வீராங்கனை விருது அவவுக்குத்தான் போனது. இவவைப் பார்த்ததற்கே ரிக்கற் காசில் பாதி சரி.

பெப்ரவரியில் எங்கட அயல் எதிரியான ரொட்டனத்தை 5–0 என்று வென்றபோது 56 ஆயிரத்துக்கு மேல் சனம். பக்கத்தில் ரொட்டனம் உடுப்போடு ஒரு குடும்பம் எங்களுக்கு நடுவிலேயே இருந்தது, ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்கள் ஆட்டத்தில் இதை நினைத்தும் பார்க்கேலாது. கூட்டத்தின் சத்தம் ஆழமில்லை, கீச்சென்று இருக்கும், ஏனென்றால் பாதிப்பேர் சின்னப் பிள்ளையள். சிலருக்கு அது பிடிக்காது. நடுவரைத் திட்டித் தீர்த்தால்தான் ஆட்டம் பார்த்த திருப்தி வரும் என்கிற ஆளென்றால் இது உங்களுக்குரிய இடமில்லை. முடிந்ததும் வீராங்கனைகள் மைதானத்தைச் சுற்றி நடந்து வருவார்கள். "சின்னம்மா, மக்கேப் எனக்குத்தான் கையைக் காட்டினவ!" என்று பெறாமகள் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குப் பின்னால் இருந்த ஐம்பது பேரும் தங்கட வீட்டில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ரியல் மட்ரிட்டோடு மார்ச்சில் நடந்த ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டத்துக்குத் தனியாக ரிக்கற் எடுத்தோம். முதல் ஆட்டத்தில், மட்ரிட்டில் சேறாய்க் கிடந்த புல்லில் 2–0 தோற்று வந்திருந்தார்கள். இங்கே இடைவேளை முடிந்த கையோடு எங்கட முன்கள வீராங்கனை அலெசியா றூசோ ஒன்று, கல்தென்தே ஒன்று, திரும்ப றூசோ ஒன்று, கால்மணி நேரத்துக்குள் இரண்டு ஆட்டத்தின் கூட்டுக்கணக்கில் 3–2 என்று கதை முடிந்தது. இந்தப் பருவத்தின் உச்சம் எனக்கு அந்த இரவுதான், லிஸ்பனில் நடந்த இறுதியாட்டம் கூட இல்லை.

இந்த அணியின் குணம் விளங்கவேணுமென்றால் ஏப்ரல் கடைசிக் கிழமையைப் பாருங்கோ. 27ஆம் திகதி லியோனுக்குப் போய், சொந்த மண்ணில் 2–1 தோற்றிருந்த அரையிறுதியை 4–1 என்று புரட்டிப் போட்டார்கள். மூன்று நாள் கழித்து அஸ்ரன் வில்லாவிடம் 5–2 என்று வாங்கிக் கட்டினார்கள்! அதே இரவு லூசி புறொன்ஸின் ஒரே கோலால் மன்செஸ்ரர் யுனைற்றட்டை வென்று செல்சி கிண்ணத்தை உறுதிப்படுத்தியது. பெரிய இடத்தில் சிங்கம், கிழமைநாள் லீக் ஆட்டத்தில் நித்திரை. செல்சிக்கு அந்த வருடம் இந்த நோய் இல்லை, அதனால்தான் லீக் அவர்களிடம் போனது. ஆனால் மே 24 அன்று லிஸ்பனில் பார்சலோனாவை 1–0 என்று வென்று, 2007க்குப் பிறகு ஐரோப்பியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது ஆர்சனல். மாற்று ஆட்டக்காரராக ஒன்றாக உள்ளே போன பெத் மீட் கொடுக்க, ஸ்ரீனா பிளாக்ஸ்ரெனியஸ் அடித்தா. செல்சி அதுவரை தொடாத கிண்ணம் அது.

குறை என்று எடுத்தால், எமிரேற்ஸ் இந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் பெரிசு. 60 ஆயிரம் பேர் கொள்கிற இடத்தில் குறைவான கூட்டத்தோடு ஒரு சாதாரண ஆட்டம் நடந்தால் சத்தம் கூரைக்குப் போய்க் காணாமல் போகும். போரம்வூட்டில் நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான், ஆனால் அணித்தலைவி கிம் லிற்றில் யாரை எங்கே நிற்கச் சொல்லிக் கத்துகிறா என்பது காதில் விழும். ஆட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அதுதான் நல்ல இடம். 2025–26 பருவத்தில் 11 லீக் ஆட்டமும் எமிரேற்ஸுக்கே வந்தது. கழகத்துக்கு இலாபம், எனக்கு அரை மனம்.

புதுப்பித்துவிட்டேன். புதிதாக எடுப்பவர்களுக்கு ஒன்று: கீழ்த்தட்டில் புல்லை ஒட்டிய வரிசைகளைப் பிள்ளையள் கேட்பார்கள், கொடுக்காதேங்கோ. அங்கே இருந்தால் எதிர்ப்பக்கத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியாது. இருபதாவது வரிசைக்கு மேலே எடுங்கோ, ஆட்டம் முடிந்ததும் பிள்ளையைக் கீழே ஓடவிடலாம். நவம்பருக்குப் பிறகு காலுறை இரண்டு சோடி.