இரவுக் கபடிக்கு எந்த லென்ஸ்: 135 எஃப் 1.8-ஆ, 70-200 எஃப் 2.8-ஆ?

திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி நடக்கும் ஊர்க் கபடிப் போட்டிகளில் நல்ல ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில்தான் வரும். களத்தைச் சுற்றி நாலைந்து கம்பம், கம்பத்துக்கு ஒன்றோ இரண்டோ எல்இடி ஃபிளட் லைட். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்த வெளிச்சம் கேமராவுக்குப் போதாது. இந்த இடத்துக்கென்று டெலி லென்ஸ் தேடுகிறவர்கள் ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமராவில்) கடைசியாக இரண்டுக்கு நடுவில்தான் நிற்பார்கள்: 135 மி.மீ. எஃப் 1.8 பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்), அல்லது 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம். நான் 135 பக்கம். ஆனால் அது எல்லோருக்குமான பதில் இல்லை. எங்கே உட்கார முடியும் என்பதைப் பொறுத்து அது மாறும்.

முதலில், பேசி முடிக்க வேண்டியவை. பகல் ஆட்டம் என்றால் 70-200தான், யோசிக்கவே வேண்டாம். தொலைக்காட்சிக்காக ஒளியூட்டிய உள்ளரங்கிலும் அப்படியே. எடை இப்போது ஒரு காரணமே இல்லை: சோனியின் உயர்ரக ஜிமாஸ்டர் வரிசையில் 135 லென்ஸ் 950 கிராம், 2021-இல் வந்த இரண்டாம் தலைமுறை 70-200 ஜிமாஸ்டர் 1,045 கிராம். முதல் தலைமுறை ஜூம் 1,480 கிராம் இருந்த காலத்தில் கழுத்து வலியைச் சொல்லி பிரைம் வாங்கலாம். இன்று வித்தியாசம் 95 கிராம். லென்ஸில் இருக்கும் கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதியும் (ஸ்டெபிலைசர்) இங்கே கணக்கில் வராது. 1/1000 நொடியில் கை நடுக்கம் படத்தைக் கெடுப்பதில்லை, ஓடுகிறவரின் வேகம்தான் கெடுக்கும். அதை எந்த ஸ்டெபிலைசரும் நிறுத்தாது.

வெளிச்சக் கணக்கு எளிது. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது. எஃப் 1.8 உள்ளே விடும் வெளிச்சம் எஃப் 2.8-ஐப் போல 2.4 மடங்கு, அதாவது ஒன்றேகால் ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்கானால் ஒரு ஸ்டாப்). சுமாரான ஊர் மைதானத்தில் ஷட்டர் வேகம் 1/1000, எஃப் 2.8 வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) 20,000 வரை ஏறும். அதே இடத்தில் எஃப் 1.8-க்கு 8,000 சொச்சம் போதும். இன்றைய சென்சாரும், படத்தில் புள்ளிகளாக விழும் நாய்ஸைக் குறைக்கும் மென்பொருளும் 20,000-ஐச் சமாளித்துவிடுமே என்று தோன்றலாம். முகம் நேராக வெளிச்சத்தைப் பார்த்தால் சமாளிக்கும். ஆனால் கம்பத்து விளக்கு மேலிருந்து அடிக்கிறது; ரைடர் குனிந்துதான் ஆடுவார். புருவத்துக்குக் கீழே, கன்னத்துக்கு அடியில் எல்லாம் நிழல். அந்த நிழலை எடிட்டிங்கில் இரண்டு ஸ்டாப் தூக்கும்போதுதான் 8,000-க்கும் 20,000-க்கும் உள்ள தூரம் தெரியும்: ஒன்றில் கண் கிடைக்கும், மற்றதில் கண் இருந்த இடத்தில் புள்ளிப் புள்ளியாகச் சேறு.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரிந்தும் 70-200 வாங்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: ரைடர் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறாரே, ஜூம் இல்லாமல் எப்படிப் பிடிப்பது?

களத்தின் அளவை எடுத்துக் கணக்குப் போட்டால் இந்தப் பயம் பாதி குறையும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து கடைக்கோடு 6.5 மீட்டர், ரைடருக்குக் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோடு 4.75 மீட்டர். பிடிபட்ட ரைடர் என்ன செய்வார்? திரும்புவார். தன் பக்கத்து நடுக்கோட்டைப் பார்த்துக் கையை நீட்டிப் பாய்வார். அவர் முகம் தன் அணியைப் பார்க்கிறது. கணுக்காலைப் பிடித்தவரும் இடுப்பைக் கட்டியவரும் பின்னாலிருந்து அதே திசையில் இழுபடுகிறார்கள். ஆக, உட்கார வேண்டிய இடம் ரைடரின் சொந்தப் பக்கத்துக் கடைக்கோட்டு மூலை, கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் வெளியே. கோட்டுக்குப் பின்னால் நடுவில் உட்கார முடியாது, அங்கே அவுட் ஆனவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மூலையிலிருந்து நடுக்கோட்டின் அருகு முனை 8.5 மீட்டர், அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 10 மீட்டர், போனஸ் கோட்டின் நடுப்பகுதி 14 மீட்டருக்குச் சற்று மேல். ஃபுல் ஃபிரேமில் 135-ஐப் படுக்கைவாக்கில் பிடித்தால், 10 மீட்டரில் படச் சட்டத்துக்குள் விழும் பரப்பு 2.6 மீட்டர் அகலம், 1.75 மீட்டர் உயரம். தரையோடு தரையாகப் பாயும் உடம்பு, நீட்டிய கை, மேலே விழுந்த இரண்டு பேர் எல்லாம் அடங்கும். 14 மீட்டரில் 3.7-க்கு 2.5. போனஸ் கோட்டில் காலைத் தூக்கி நிற்கும் ரைடர் தலை முதல் பாதம் வரை வருவார், பக்கத்துக் கார்னர் ஆட்டக்காரரோடு. எதுவும் அறுபடாது. இந்த மூலைக்கென்றே அளந்து செய்த குவியத்தூரம் போல 135 பொருந்துகிறது.

ஜூம் வைத்திருப்பவருக்கும் இந்த இடத்தில் ஜூம் பெரிதாக உதவாது. கேன்ட் (ரைடர் விடாமல் சொல்லும் ‘கபடி கபடி’) அறுந்து பிடி விழுவதும் கை கோட்டைத் தொடுவதும் ஒன்றிரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் வளையத்தைத் திருப்பிச் சட்டம் சரிசெய்கிறவர் ஃபோகஸ் புள்ளியை விட்டுவிடுவார். பழகியவர்கள் ரெய்டு தொடங்கும்போதே ஓர் அளவில் வைத்துவிட்டு அப்புறம் தொடுவதில்லை. அப்படியென்றால் அதுவும் ஒரு பிரைம்தான், ஒன்றேகால் ஸ்டாப் இருட்டான பிரைம்.

பெண்கள் களம் 12-க்கு 8 மீட்டர். நடுக்கோட்டின் நடுப்பகுதி 9 மீட்டருக்குள் வந்துவிடும், சட்டம் இறுகும். இன்னும் ஒரு மீட்டர் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

இனி 135 தோற்கும் இடம். எதிரணி ரைடர் நம் பக்கம் பாட வரும்போது ஆட்டம் நமக்கு இரண்டு மீட்டரிலிருந்து ஆறேழு மீட்டருக்குள் நடக்கும். ஐந்து மீட்டரில் 135 காட்டுவது 1.3-க்கு 0.9 மீட்டர்தான்: ஒரு முகம், ஒரு தோள், அவ்வளவு. அதே தூரத்தில் 70 மி.மீ. 2.5 மீட்டருக்கு மேல் காட்டும். பாதி ரெய்டுகள் இந்த ரகம்தான் என்பதால் இதைச் சின்னக் குறையாகச் சொல்ல முடியாது. இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும், ஆகவே இரண்டு அணிக்கும் நல்ல படம் கிடைத்துவிடும். ஆனாலும் கடைசி நிமிடத்தில் வெற்றியைத் தீர்மானிக்கும் ரெய்டு நம்மை நோக்கி வந்தால் கைவிரித்துத்தான் நிற்க வேண்டும். இன்னொரு கேமரா பாடியில் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் மாட்டி மடியில் வைத்துக்கொள்வது ஒரு வழி. அது இல்லையென்றால் அந்த ரெய்டுகளில் முழு உருவத்தை மறந்துவிட்டு, சங்கிலி போட்டு நிற்கும் கைகள், மண்ணில் பதியும் விரல்கள், ரைடரின் கண் என்று இறுக்கமாக எடுக்கலாம். பத்திரிகைக்கோ நடத்துகிற மன்றத்துக்கோ ஒவ்வொரு புள்ளிக்கும் படம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற பொறுப்பு இருந்தால் 70-200 வாங்குங்கள். அந்த வேலைக்கு 135 ஒன்றே போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எஃப் 1.8-இல் ஃபோகஸ் ஆழம் மெலிந்துவிடும் என்ற குற்றச்சாட்டு முழு உண்மை அல்ல. 10 மீட்டரில் 135 எஃப் 1.8-க்குக் கூர்மையான பகுதி சுமார் 58 செ.மீ. ஜூமை 200-க்கு இழுத்து எஃப் 2.8-இல் எடுத்தால் 41 செ.மீ.தான். மெலிவது ஜூமில்தான் அதிகம். ஆனாலும் ஐந்து பேர் குவியலாக விழும்போது 58 செ.மீ.யும் போதாது, ஒரு முகத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்தத் தேர்வைக் கேமராவிடம் விடக் கூடாது. முகம் கண்டுபிடிக்கும் வசதியை முழுச் சட்டத்துக்கும் திறந்துவிட்டால் ஏழு தடுப்பாட்டக்காரர்களில் எவர் முகம் பெரிதாகத் தெரிகிறதோ அங்கே தாவும். தொடர் ஃபோகஸ், சிறிய ஃபோகஸ் ஸோன், குறுக்கே ஆள் வந்தாலும் உடனே விட்டுக்கொடுக்காத அமைப்பு; புள்ளியை ரைடரின் நெஞ்சில் வைத்துத் தொடருங்கள்.

எந்த லென்ஸானாலும் எல்இடி ஒரு தொல்லை கொடுக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிரும். 1/1000-இல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் நாலு பிரகாசம், நாலு மங்கல், இரண்டில் பாதிச் சட்டம் மஞ்சள். எலக்ட்ரானிக் ஷட்டரைத் தொடாதீர்கள்: சென்சாரைப் படித்து முடிக்க 1/50 நொடி எடுக்கும் கேமராவில் சட்டத்துக்குள் இரண்டு இருள் பட்டை நிச்சயம். மெக்கானிக்கல் ஷட்டர், ஃபிளிக்கர் தடுப்பு இரண்டையும் போடுங்கள். விளக்கின் உச்சத்துக்காகக் காத்திருந்து சுடுவதால் தொடர் வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை. பிரைம் வாங்குகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரானிக் முன்திரை அமைப்பு (ஷட்டரின் முதல் திரையின் வேலையைச் சென்சாரே செய்வது) சில கேமராக்களில் வாங்கும்போதே போடப்பட்டிருக்கும். எஃப் 1.8-ஐ 1/1000-க்கு மேலான வேகத்தோடு சேர்த்தால், அந்த முன்திரையால் பின்னணி விளக்குகளின் வட்டம் வெட்டுப்படும், சட்டத்தின் ஒரு பக்கம் இருளும். முழு மெக்கானிக்கலுக்கு மாற்றிவிடுங்கள்.

மண் தளத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு பிடிக்கும் புழுதி எழும். ஜூம் செய்யும்போது நீளும் ரகம் (கேனான் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8-இன் முதல் வடிவம் அப்படி) நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும், சீல் இருந்தாலும் குழாயின் மேல் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல் சுருக்குவது வளையத்துக்கு நல்லதல்ல. சோனியும் நிகான் இசட்டும் உள்ளேயே ஜூம் ஆகும், அந்தக் கவலை குறைவு. 135-இல் வெளியே நீளும் பாகம் கிடையாது. எதுவானாலும் முன்கண்ணாடியைத் துணியால் தொடும் முன் புளோயரால் ஊதுங்கள். மணல் துகளோடு துடைத்தால் கோட்டிங் கீறும்.

மறுவிற்பனையில் 70-200 முந்தும். கல்யாணப் படக்காரர்கள் எல்லோருக்கும் அது தேவை, வாடகைக்கும் எளிதாகக் கிடைக்கும். அந்த வாடகை வசதியே எனக்கு 135-க்கு ஆதரவான காரணம்: பகல் போட்டி வந்தால் ஜூமை ஒரு நாளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செலவு முடியாது, கையில் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமை விடச் சிறிய சென்சார்) பாடி இருக்கிறது என்றால் 85 எஃப் 1.8 போதும். கேனானின் 1.6 கணக்கில் அது 136 மி.மீ. பார்வை, நிகான், சோனியில் 127. கேனானின் பழைய இஎஃப் 85 எஃப் 1.8 வெறும் 425 கிராம்; செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைக்கும். நாய்ஸ் ஃபுல் ஃபிரேமை விட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூடும், சட்டத்தின் பொருத்தம் அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே ஜூம் வைத்திருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் ஓர் இரவு சோதிக்கலாம். வளையத்தை 135-இல் வைத்துப் பேப்பர் டேப் ஒட்டுங்கள், மேலே சொன்ன மூலையில் உட்காருங்கள், ஒரு முழு ஆட்டம் எடுங்கள். கூடவே பழைய போட்டிப் படங்களில் பதிவாகியிருக்கும் குவியத்தூரத்தையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். நல்ல படங்கள் 110-க்கும் 160-க்கும் இடையில் குவிந்திருந்தால் 135 வாங்கலாம். பெரும்பாலும் 70-இலேயே நின்றிருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் இடம் களத்தை ஒட்டியது. அங்கிருந்து நகர விடமாட்டார்கள் என்றால் 135-க்கு வேலையில்லை.