அம்பாசிடர் ஹேண்ட் பிரேக் வேலை: டிரம்மைக் கழற்றாமல் கேபிளை முடுக்கி அனுப்புகிறார்கள், உஷாராக இருங்கள்

பழைய அம்பாசிடர், பியட் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹேண்ட் பிரேக் வேலைக்கு மூன்று தடவை வண்டியை விட்டு 11,300 ரூபாய் கொடுத்தேன். அதற்கு அப்புறமும் ஆத்தா உட்கார்ந்திருந்த வண்டி சென்னிமலை மேலே பின்னால் உருண்டது.

வண்டி எங்கள் அப்பாரு வாங்கியது, 1984 மார்க் 4. ஆத்தாவுக்கு வேறு எந்தக் காரிலும் ஏறி இறங்க முடியாது, இதன் சீட் உயரம்தான் அவருக்குச் சரியாக இருக்கும், அதனால் கோயிலுக்கும் ஒறம்பரை வீட்டுக்கும் இதில்தான் போவோம். போன வருஷம் ஹேண்ட் பிரேக் லிவரைக் கடைசி வரை இழுத்தாலும் வண்டி லேசாக நகர ஆரம்பித்தது. அந்த ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, கேபிள் நீண்டுவிட்டது, ரெண்டு பக்கமும் ஷூ (டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்துகிற வளைந்த கட்டை) முடிந்துவிட்டது, உத்தரபாரா ஃபேக்டரியில் 2014லேயே அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோச்சு, பார்ட்ஸ் கிடைப்பதே கஷ்டம், நாங்கள் வெளியிலிருந்து வரவழைத்துப் போடுகிறோம் என்றார்கள். 6,850 ரூபாய். வண்டியை எடுக்கும்போது லிவர் ரெண்டு பல்லிலேயே, அதாவது ரெண்டு 'கிளிக்' சத்தத்திலேயே கெட்டியாகப் பிடித்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

பெருந்துறை தாண்டுவதற்குள் கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் வலது பின் சக்கரத்தின் டிரம் பக்கம் கையே வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. திரும்பக் கொண்டுபோனேன், புது ஷூ செட் ஆகட்டும் என்று அனுப்பினார்கள். நாலு நாள் கழித்து மறுபடி போனால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று 2,950. அப்புறம் ஷூ மேலே ஒட்டியிருக்கிற லைனிங்கை உரசிச் சரி பண்ணியதற்கு 1,500. மாஸ்டர் சிலிண்டருக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. கால் பிரேக்தான் ஆயிலில் வேலை செய்கிறது. ஹேண்ட் பிரேக் வெறும் கம்பி இழுவை, லிவரிலிருந்து கேபிள் போய்ப் பின் சக்கரம் ரெண்டிலும் இருக்கிற ஷூவை டிரம்மோடு அழுத்துகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்த 2,950ஐக் கொடுத்திருக்க மாட்டேன்.

சென்னிமலையில் கோயில் பக்கத்துச் சரிவில் நிறுத்தி, லிவரை முழுக்க இழுத்துவிட்டு, ஆத்தாவை இறக்குவதற்காக அந்தப் பக்கம் சுற்றிப் போனேன். வண்டி சத்தமில்லாமல் பின்னால் போனது. பத்தடி இருக்கும். தேங்காய்ப் பழக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து பின் சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லைத் தள்ளினார், அந்த மனுஷன் நல்லா இருக்கணும். ஆத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முன் சீட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கல்லை எடுத்து, கியரிலேயே இறக்கி, மறுநாள் தாராபுரம் ரோட்டில் ஒரு வயசான மெக்கானிக்கிடம் விட்டேன். முதல் வேலையாக ரெண்டு பின் சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்னை உள்ளே உட்காரச் சொல்லி லிவரை ஒவ்வொரு பல்லாக இழுக்கச் சொன்னார். அவர் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். இழுக்காதபோதே வலது சக்கரம் உரசிக்கொண்டு சுற்றியது, இடது சக்கரம் நாலு பல் இழுத்த பிறகும் சுலபமாகச் சுற்றியது. "ஏனுங் தம்பி, இந்த வண்டி இத்தனை நாளா ஒத்தைக் கால்லதானுங்க நின்னுட்டிருந்துச்சு" என்றார்.

இடது டிரம்மைக் கழற்றியதும் ஷூ முழுக்கக் கறுப்பு எண்ணெய். விரலில் தொட்டு மோந்து பார்க்கச் சொன்னார். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தது, அதாவது பின் ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கரங்களுக்கு ஊற்றுகிற கிரவுன் ஆயில். பிரேக் ஆயில் என்றால் தண்ணி மாதிரி இருக்கும், வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்று அர்த்தமாம். கிரவுன் ஆயில் என்றால், அதை வெளியே விடாமல் தடுக்கிற ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது. சீல் ஏன் போனது என்றும் பார்த்தார். ஆக்சில் மேலே காற்றுப் போக இருக்கிற சின்ன ஓட்டை சேறு பிடித்து அடைத்திருந்தது, வண்டி ஓடும்போது உள்ளே சூடாகும் காற்றுக்கு வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளிவிட்டிருக்கிறது. எண்ணெயில் ஊறிய லைனிங் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. அதை மறைக்கத்தான் அவர்கள் கேபிளை முடுக்கியிருக்கிறார்கள், அதனால் நல்லா இருந்த வலது பக்க ஷூ எப்போதும் உரசி, வெந்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது.

"புதுக் கேபிள்" என்று பில் போட்டது அதே பழைய கேபிள். மேலே கறுப்பு பெயின்ட். நகத்தால் சுரண்டினேன், உள்ளே துரு. இடது ஷூவில் மாற்றிய அடையாளமே இல்லை.

பெரியவர் ரெண்டு பக்கமும் சீல், ஷூ மாற்றி, அந்த ஓட்டையைச் சுத்தம் பண்ணி, கேபிளைத் தளர்த்திவிட்டு, முதலில் டிரம்மில் ஷூ அட்ஜஸ்டரை வைத்துச் சக்கரம் பிடிக்கிற வரை முடுக்கி, உரசாத அளவுக்குத் திரும்பத் தளர்த்தினார். கேபிளைத் தொட்டது அதற்கப்புறம்தான். இந்த வரிசையை மாற்றிச் செய்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள். லிவர் கடைசி வரை வந்தும் பிடிக்கவில்லை என்றால் ஷூ தேய்ந்திருக்கும் அல்லது அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கும். லிவர் கெட்டியாக நின்றும் வண்டி நகர்ந்தால் டிரம்முக்குள் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். இழுத்த லிவர் தானாக நழுவினால் பல் தேய்ந்திருக்கும், கேபிள் மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. டிரம்மைக் கழற்றினால் ஏர் பிடித்து ஊதவும் விடாதீர்கள், பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டதற்கு, வேறு கை பட்ட வண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். கையில் இருப்பது துண்டுச் சீட்டு பில்தான், ஆனால் கேபிள், ஷூ ரெண்டு பக்கம் என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பெயின்ட் அடித்த கேபிளையும் எண்ணெய் ஊறிய ஷூவையும் பையில் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் வண்டிக்கும் அந்தப் பக்கம் இதே மாதிரி பில் போட்டிருந்தால் சொல்லுங்கள், போட்டோ அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.