டெஸ்டாச்சோவில் ஒரு டிராட்டோரியா: கேட்டால்தான் பில் வரும்

ரோம் நகரத்தின் டெஸ்டாச்சோ பகுதியில், ஒரே குடும்பத்தார் நடத்திவரும் சிறிய டிராட்டோரியா, அதாவது எளிய உணவகம், ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம், இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தப் பகுதியின் எந்தப் பழைய உணவகத்துக்கும் பொருந்தும் என்பதுதான். இத்தகைய கடைகளுக்கு வெளிநாட்டுப் பயணிகள் இணையத்தில் குறைந்த மதிப்பெண் தருவதற்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன: பில்லைக் கொண்டுவரவே இல்லை, கேட்காத ரொட்டிக்குக் காசு வாங்கினார்கள், குடிநீருக்கும் காசு, ஆறு மணிக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. என் பார்வையில் இவற்றில் எதுவும் குறையன்று. கடையின் உண்மையான குறைகள் வேறு. அவற்றை இந்தப் புகார்கள் தொடுவதே இல்லை.

முதலில் சமையல். டெஸ்டாச்சோவில் 1891 முதல் 1975 வரை நகரத்தின் பெரிய இறைச்சிக்கூடம் இயங்கியது. நல்ல இறைச்சி செல்வர் வீடுகளுக்குப் போக, எஞ்சிய குடல், வால், நாக்கு ஆகியவற்றைக் கொண்டு அங்குள்ள உழைப்பாளிகளின் அடுப்பில் உருவான சமையலே இன்று இப்பகுதியின் அடையாளம். மாட்டுவாலைத் தக்காளியோடும் செலரித் தண்டோடும் நெடுநேரம் வேகவைக்கும் 'கோதா அல்லா வாச்சினாரா' இந்தக் கடையில் மிகச் சிறப்பாக இருக்கிறது. எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்று வரும் பதத்தில் தருகிறார்கள். பெக்கோரினோ பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே சேரும் 'காச்சோ எ பெப்பே' பாஸ்தாவும் நன்று, ஆனால் உப்பு சற்றுத் தூக்கல்.

சைவ உணவு உண்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பெக்கோரினோ ரோமானோவில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இறைச்சியே இல்லாத காச்சோ எ பெப்பேயும் கண்டிப்பான சைவருக்கு ஆகாது. குளிர்காலத்தில் கிடைக்கும் 'புந்தாரெல்லே' என்ற கீரைத்தண்டு சாலட்டில் நெத்திலி வகை மீனை அரைத்துச் சேர்ப்பது மரபு. இந்தக் கடையின் ஆங்கில மெனு அதை வெறும் கீரை சாலட் என்று எழுதிவிட்டுப் போகிறது. இதை நான் குறையாகவே கணக்கிடுகிறேன்.

இனி பில் விவகாரம். சாப்பிட்டு முடித்தபின் சர்வர் பில்லை மேசையில் வைத்தால், எழுந்து போங்கள் என்று சொன்னதாகவே இத்தாலியர் எடுத்துக்கொள்வார்கள். இரவு உணவுக்கு மேசையைப் பதிவு செய்தவருக்கு அந்த மேசை பொதுவாக அன்றிரவு முழுவதும் சொந்தம். அடுத்த கூட்டத்துக்காக அவரை எழுப்புவது இத்தகைய கடைகளில் வழக்கமில்லை. எனவே 'இல் கொந்தோ, பெர் ஃபவோரே' என்று கேட்கும்வரை பில் வராது. இரவில் ஏழரை மணிக்கு முன் சமையலறை திறக்காததும், உள்ளூர்க்காரர்கள் எட்டரைக்கு மேல்தான் வந்து சேர்வதும் இதே ஏற்பாட்டின் பகுதிகள். ஆறு மணிக்கே இரவு உணவு பரிமாறும் கடை சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடப்பது என்று ஊகிக்கலாம்.

ரொட்டிக் காசைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தாலியின் பல நகரங்களில் 'கொபெர்த்தோ' என்ற பெயரில் தலைக்கு ஒன்று முதல் மூன்று யூரோ வரை வாங்குவார்கள்; மேசை விரிப்பு, தட்டு, கரண்டி, ரொட்டி ஆகியவற்றுக்கான கட்டணம் அது. ரோமை உள்ளடக்கிய லாசியோ மண்டலம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொபெர்த்தோ வசூலிப்பதைத் தடை செய்தது. கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'பானே', அதாவது ரொட்டி, என்று எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் ரொட்டி என்று எழுதியிருந்தால் அது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடலாம். கூடை வந்தவுடனே சொல்ல வேண்டும், கடித்தபின் சொன்னால் செல்லாது. இந்தக் கடை தொகையை மெனுவின் அடியில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை. மனம் நிறைந்தால் ஓரிரு யூரோவை மேசையில் விட்டுவரலாம். தண்ணீர் பாட்டிலாகத்தான் வரும், வாயு சேர்த்ததா சேர்க்காததா என்று மட்டும் கேட்பார்கள். தெருவோரம் ஓயாமல் ஓடும் 'நசோனி' குழாய்களில் நல்ல குடிநீர் இலவசமாகவே கிடைக்கும் என்பதால், வெளியே வந்து பாட்டிலை நிரப்பிக்கொள்வதில் தடையில்லை.

சாப்பிடும் வரிசையிலும் இத்தாலியருக்கு உறுதியான கருத்து உண்டு. பாஸ்தா முதலில் தனியாக வரும், இறைச்சியோ மீனோ அதற்குப்பின் வரும், காய்கறி தனித்தட்டில் தனி விலைக்கு வரும். எல்லாவற்றையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு பாஸ்தாவோடு நிறுத்திக்கொண்டாலும் சர்வர் முகம் சுளிக்கவில்லை. சிப்பி போட்ட பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்ட பக்கத்து மேசைக்காரருக்கு மட்டும், சிப்பியின் சுவையைச் சீஸ் கெடுத்துவிடும் என்று ஒரு சிறு விளக்கம் கிடைத்தது. பிறகு சீஸும் கிடைத்தது. சாப்பாட்டுக்குப்பின் கப்புச்சினோ கேட்பதும் இதே வகைதான். அவ்வளவு பால் காலை நேரத்துக்குரியது, நிறைந்த வயிற்றில் செரிக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. தயிரும் மோருமாகச் சாப்பாட்டை முடிக்கும் நமக்கு இது நேர்மாறாகத் தோன்றும். சிறு கோப்பைக் கடுங்காப்பியே அங்கே முடிவுரை.

என் உண்மையான புகார் மீனைப் பற்றியது. மெனுவில் மீனின் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அது நூறு கிராமுக்கான விலை. முழு மீன் அறுநூறு கிராம் இருந்தால் பில்லில் ஆறு மடங்கு வரும். நல்ல கடைகளில் மீனைக் கொண்டுவந்து காட்டி, எடையையும் சொல்லிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள். இங்கே நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். வெளிநாட்டவர் அதிகம் வரும் கடைக்கு இது அழகல்ல. வீட்டு ஒயினும் சுமார்தான். பெரிய கும்பல் வந்த இரவில் பேச்சுச் சத்தம் காதை அடைத்தது.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். ஒன்றைக் குறைத்தது மீனுக்கும் மெனுவுக்கும். முன்பதிவு அவசியம். ரோமானிய வழக்கப்படி வியாழக்கிழமைகளில் 'ஞொக்கி' என்ற சிறு உருளைக்கிழங்கு உருண்டைகளும் சனிக்கிழமைகளில் தக்காளிக் குழம்பில் வெந்த மாட்டுக்குடலும் செய்கிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் சாப்பிட முடியும் என்றால் சனிக்கிழமையே போகலாம். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய நாட்களில் கடை மூடியிருக்கும்.